காய் வெடிக்கட்டும், கொஞ்சம் பொறுத்து: பயறு, எள் ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வம்பன், திண்டிவனம், விருத்தாசலம், கோயம்புத்தூர் ஆராய்ச்சி நிலையங்களில் பயற்றுக்கும் எள்ளுக்கும் புது ரகம் தேடும் ஆய்வாளர்களுக்கு, கன்னியாகுமரி மாவட்டத்துக் கீரிப்பாறையிலிருந்து எழுதுகிறேன்.

ஆடி, ஆவணி மாதங்களில் மழை விட்டு வெயில் ஏறும் நேரத்தில் எங்கள் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் தலைக்கு மேலே காய் வெடிக்கும் சத்தம் படபடவென்று கேட்கும். மாசி, பங்குனியில் பூத்த பூ ஐந்து மாதம் போல முற்றி, மூன்று அறையும் அறைக்கொரு கொட்டையுமாகத் திரண்டு, மேல்தொலி காய்ந்து, உள்ளே இருக்கும் மரம் போன்ற ஓடு தெறிக்கிறது. கொட்டை 15 மீட்டருக்கு அப்பாலும் போய் விழும். இந்த வெடிப்பை இங்கே யாரும் குறை சொல்வதில்லை. கீழே கிடக்கும் கொட்டையைப் பொறுக்கி, முளைப்புத்திறன் போவதற்குள் நாற்றங்காலில் பதித்து, வளர்ந்த கன்றில் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 போன்ற ரகத்தின் மொட்டை ஒட்டுக்கட்டித்தான் புதிய தோட்டம் எழும்புகிறது. காய் வெடிக்காமல் உச்சிக் கொம்பிலேயே தொங்கினால் அவ்வளவு உயரம் ஏறிப் பறிப்பது யார்? ஆனால் மலையை விட்டு இறங்கி, தோவாளை வயல்களில் கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்த ஈரத்தில் சிறுபயறோ உளுந்தோ விதைத்தவரிடம் இதே வெடிப்பைப் பற்றிப் பேசிப் பாருங்கள். முற்றிய நெற்று இரண்டு நாள் வெயிலில் முறுக்கிக்கொண்டு பிளந்து, பயறு மண்ணோடு மண்ணாகப் போன கணக்கைத்தான் சொல்வார். ஒரே மாவட்டத்தில், சில மைல் தொலைவுக்குள், ஒரே இயற்கைச் செயல் ஓரிடத்தில் வரவாகவும் இன்னோரிடத்தில் செலவாகவும் இருக்கிறது. இந்த மடல் சொல்ல வருவதும் இதை ஒட்டியதுதான். காய் வெடிப்பது பயிரின் குறை அல்ல, வெடிக்கும் நேரம்தான் நமக்கு ஒத்துவரவில்லை. ஆகவே நீங்கள் தேட வேண்டியது வெடிக்காத காயை அல்ல, அறுப்புக்காரர் வரும்வரை பொறுத்திருந்து, களத்தில் அடித்தால் சொன்னபடி பிளக்கும் காயை. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். மரபணுவின் பக்கம் போய்ப் பார்த்தால் இரண்டுக்கும் வழியே வேறு.

நன்றாகக் காய்ந்த சிறுபயற்று நெற்று ஒன்று பிளந்ததும் அதன் இரண்டு தோடுகளையும் கவனித்தால் போதும், பாதி விஷயம் விளங்கிவிடும். பச்சையில் நேராக இருந்த தோடு இப்போது திருகு திருகாகச் சுருண்டிருக்கும். வெடிக்கும் விசை அந்தத் திருகலில்தான் இருக்கிறது. தோட்டின் உட்புறத்தில் லிக்னின் ஏறிக் கெட்டியான நார்ச்செல்கள் நெற்றின் நீளவாக்கில் படுக்காமல் சாய்வாக அடுக்கியிருக்கும். ஈரம் வற்றும்போது நார் தன் நீளத்தில் அவ்வளவாகச் சுருங்காது, குறுக்கில்தான் சுருங்கும். அடுக்குக்கு அடுக்கு சுருங்கும் திசை மாறுவதால் தோடு திருகிக்கொள்ளப் பார்க்கிறது. இரண்டு தோடுகளும் ஒட்டியிருக்கும்வரை திருக முடியாது, ஆகவே இறுக்கம் ஏறிக்கொண்டே போகிறது. மந்தாரை நெற்றில் இந்த நார்கள் நீள அச்சுக்கு இருபுறமும் 45 பாகைச் சாய்வில் இருப்பதை இஸ்ரேல் ஆய்வாளர்கள் 2011-ல் ‘சயன்ஸ்’ இதழில் விளக்கினார்கள். அதை மெய்ப்பிக்க அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள் ரப்பர் பாலில் செய்த மெல்லிய தாள்கள் இரண்டு. ஒன்றை ஒரு திசையிலும் மற்றதை அதற்குக் குறுக்கிலும் இழுத்துப் பிடித்து ஒட்டி, பட்டையாக வெட்டினார்கள். வெட்டிய பட்டை மந்தாரைத் தோடு போலவே திருகிக்கொண்டது. கீரிப்பாறைக்காரர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

இறுக்கம் மட்டும் இருந்தால் காய் எங்கே வேண்டுமானாலும் கிழியும். பயற்று நெற்று அப்படிக் கிழிவதில்லை, வகிர்ந்து வைத்த கோட்டில்தான் பிளக்கிறது. அந்தக் கோட்டில் நொதிகளின் வேலை நடக்கிறது. செடியின் செல் ஒவ்வொன்றும் பக்கத்துச் செல்லோடு பெக்டினால் ஒட்டியிருக்கிறது, செங்கலும் செங்கலும் சுண்ணாம்புச் சாந்தால் ஒட்டியிருப்பது போல. தோடுகள் சேரும் கோட்டில் சில வரிசைச் செல்கள் மட்டும் மற்றவை போலக் கெட்டிப்படாமல் மெல்லிய சுவரோடு நிற்கும். காய் முற்றும் கட்டத்தில் அந்தச் செல்கள் பாலிகாலக்டுரோனேஸ் என்ற நொதியைச் சுரக்கின்றன. பெக்டின் சங்கிலியை அது துண்டு துண்டாக நறுக்குகிறது. செல்லுலேஸ் வகை நொதிகள் செல்சுவரின் இழைகளைத் தளர்த்துகின்றன. எண்ணெய்க்கடுகில் செல்லுலேஸ் செயல்பாடு வெடிப்புக்கு முன்பு இந்தக் கோட்டுப் பகுதியில் மட்டும் உயர்வதை 1990-லேயே பிரிட்டனில் அளந்துவிட்டார்கள். ஆக, வெடிப்பு என்பது இரண்டு கணக்குகள் ஒரே நாளில் சந்திப்பது: தோட்டில் ஏறிய இறுக்கம் ஒன்று, கோட்டில் மிச்சமிருக்கும் பிடிப்பு மற்றொன்று. முதலாவது இரண்டாவதை மிஞ்சும் பொழுது சத்தம் கேட்கிறது. பயறு பறிக்கும் பெண்கள் பனி ஈரம் காய்வதற்குள் வயலில் இறங்குவது இந்தக் கணக்கை அறிந்துதான். நொதி தன் வேலையை முடித்திருந்தாலும் ஈரம் இருக்கும்வரை தோடு திருகாது.

இந்த நொதிகளை எந்தச் செல்லில், எந்த நாளில் சுரக்கச் செய்வது என்பதை முடிவு செய்வது மரபணுக்களின் வெளிப்பாடு. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சின்னஞ்சிறு களைச்செடியில் இது தெளிவாகப் படிக்கப்பட்டிருக்கிறது. ‘ஷேட்டர்ப்ரூஃப்’ என்று பெயரிட்ட இரட்டை மரபணுக்கள் 2000-ல் அறிவிக்கப்பட்டன. இரண்டையும் முடக்கினால் காய் பிளப்பதில்லை. அவற்றின் கீழ் இயங்கும் ‘அல்கட்ராஸ்’ மரபணுவை 2001-ல் சரோஜம் ராஜனியும் வெங்கடேசன் சுந்தரேசனும் கண்டறிந்தார்கள். விதைகள் காய்க்குள்ளேயே கைதிகளாகி விடுவதால் அமெரிக்கச் சிறைத்தீவின் பெயரை அதற்கு வைத்தார்கள். ‘இண்டெஹிசன்ட்’ 2004-ல் வந்தது. இவை தோட்டின் நடுப்பகுதிக்குள் அத்துமீறாதபடி ‘ஃப்ரூட்ஃபுல்’ என்ற மரபணு எல்லை காக்கிறது. பிளவுக் கோட்டில் ஆக்சின் என்ற ஹார்மோனின் அளவு தணிந்தால்தான் அங்கே பிரியும் அடுக்கு உருவாகும் என்பதையும், அந்தத் தணிவை உண்டாக்குவது ‘இண்டெஹிசன்ட்’ என்பதையும் 2009-ல் பிரிட்டனின் ஜான் இன்ஸ் மையத்து ஆய்வு காட்டியது. அதே ஆண்டில், காயைப் பிளக்கும் பாலிகாலக்டுரோனேஸ் நொதிகள் ஏடிபிஜி1, ஏடிபிஜி2 என்ற இரண்டு என்று தெரியவந்தது. இந்தப் பெயர்களை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது பெயர் அல்ல, அதே ஆய்வில் வந்த இன்னொரு செய்தி. இந்த இரண்டு நொதிகளும் அவற்றின் நெருங்கிய உறவான குவார்ட்டெட்2-ம் சேர்ந்துதான் பூவின் மகரந்தப் பையையும் திறக்கின்றன. பூவிதழ் உதிர்வதிலும் அவற்றுக்குக் கை உண்டு. காய் வெடிக்கக் கூடாது என்று இந்த நொதிக் கூட்டத்தை அடியோடு துடைத்தால் மகரந்தம் வெளியே வருவதும் தடைப்படும். மகரந்தம் வராத இடத்தில் காய் ஏது, வெடிப்பு ஏது?

‘வெடிக்காத காய்’ என்ற குறிக்கோளின் முதல் தடுமாற்றம் இங்கே தெரிகிறது. செடியிடம் காய் வெடிப்பதற்கென்று தனியாக வாங்கி வைத்த கத்தி கிடையாது. இலை உதிர்க்கவும், பழம் கனியவும், மகரந்தம் சிந்தவும், வேர் கிளைக்கவும் செல்லிலிருந்து செல்லைப் பிரிக்கும் அதே வகை நொதிகளை இடம் மாற்றி, நாள் மாற்றிப் பயன்படுத்துகிறது. ஹார்மோன்களும் அப்படியே. ரப்பர் மரத்தில் பால் கூட்டப் பட்டையில் பூசும் எத்திபான் செடிக்குள் எத்திலீன் என்ற ஹார்மோனை வெளிவிடுகிறது. அதே எத்திபானைப் பருத்திச் செடியில் தெளித்தால் காய்கள் சீக்கிரமாக, சேர்ந்தாற்போல வெடிக்கும். பருத்தி விவசாயிக்கு வெடிக்காத காய்தான் நட்டம் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு பயிரில் ஒழிக்க வேண்டியதும் இன்னொரு பயிரில் ஊக்க வேண்டியதும் ஒன்றாகவே இருக்கும்போது, ஒழிப்பது என்ற பேச்சைவிட நேரத்தை ஆள்வது என்ற பேச்சே பொருத்தம்.

ஒழிக்கப் பார்த்த கதைகளும் நம்மிடம் இருக்கின்றன. எள் வரலாற்றில் 1943 பெரிய ஆண்டு. வெனிசுவேலாவில் டி. ஜி. லாங்காம் என்ற எள் ஆய்வாளர், காய்ந்த பிறகும் வாய் திறக்காத காய்கள் கொண்ட ஒரு செடியைக் கண்டார். ஒற்றை ஒடுங்கு மரபணுவால் வந்த குணம் அது. அறுவடை இயந்திரத்துக்கு எள் தயாராகிவிட்டது என்று உலகம் நம்பியது. ஆனால் அந்த மரபணு காயோடு நிற்கவில்லை. இலையில் விகாரம் தெரிந்தது, மலட்டுத்தன்மை கூடியது, மகசூல் இறங்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக, இறுக மூடிய காயை உடைக்க இயந்திரத்தை முடுக்கினால் மெல்லிய தோல் கொண்ட எள் நசுங்கியது. காயிலிருந்து விதை விழாமலிருக்கச் செய்த ஏற்பாடு, விதையைக் காயிலிருந்து எடுக்கவும் விடவில்லை. அறுபது ஆண்டு கழித்துக் கடுகில் இதே பாடம் திரும்பியது. 2006-ல் நம் கடுகான பிராசிக்கா ஜன்சியாவில் ‘ஃப்ரூட்ஃபுல்’ மரபணுவைச் செடி முழுதும் ஓயாமல் இயங்கும்படி மாற்றினார்கள். நெற்று பிளக்கவே இல்லை, ஆய்வு என்ற அளவில் வெற்றி. ஆனால் அவ்வளவு இறுகிய நெற்றைப் போரடித்து விதை பிரிப்பது சிக்கல் என்பதும் உடனே புரிந்தது. எள்ளில் வழி திறந்தவர்கள் வேறு திசையில் போனவர்கள். லாங்காமின் மகன் அமெரிக்காவின் டெக்சாசில் பின்னர் உருவாக்கிய ரகங்களில் காயின் நுனி கொஞ்சம் திறக்கும், ஆனால் உள்ளே விதை தன் காம்பிலிருந்து எளிதில் கழன்றுகொள்ளாது. செடி தலைகீழானாலும் காற்று உலுக்கினாலும் பெரும்பங்கு விதை நிற்கும், இயந்திரத்தின் அடி பட்டால் கொட்டும். கனடாவில் 2014-ல் வந்த கனோலா என்ற எண்ணெய்க்கடுகுக் கலப்பினத்துக்கும் ‘வெடிப்பு குறைந்தது’ என்றே விளம்பரம் செய்தார்கள், ‘வெடிக்காதது’ என்று அல்ல. வியாபாரிகள் வார்த்தையை அளந்து பேசுவது அரிது. இங்கே பேசியிருக்கிறார்கள்.

இதைவிடப் பழைய சான்று பல ஆயிரம் ஆண்டு உழவில் இருக்கிறது. சோயாவைக் காட்டுச்செடியிலிருந்து வீட்டுப் பயிராக்கியவர்களுக்கு மரபணு தெரியாது. ஆனால் அவர்கள் தேர்ந்தெடுத்த செடிகளில் என்ன மாறியது என்று 2014-ல் இரண்டு ஆய்வுகள் காட்டின. ஒன்று, ஷாட்1-5 என்ற மரபணு. பிளவுக் கோட்டுக்கு மேலே தொப்பி போல அமர்ந்திருக்கும் நார்ச்செல்களில் அதை அடக்கி வைக்கும் பகுதி சிதைந்து, காட்டு வகையைப் போல 15 மடங்கு வெளிப்பாடு கூடியிருக்கிறது. தொப்பியின் சுவர் தடித்து, கோட்டுக்குத் தாழ்ப்பாள் விழுந்தது. கோடு அங்கேயே இருக்கிறது, பிரியும் அடுக்கும் உருவாகத்தான் செய்கிறது. மற்றொன்று பிடிஹெச்1. தோட்டின் உட்புற நாரில் லிக்னின் படிய உதவும் புரதத்தின் மரபணு அது. வறண்ட நிலங்களுக்குப் பரவிய சோயாவில் இது செயலிழந்த நிலையில் இருக்கிறது. விளைவாக, காய்ந்தாலும் தோடு முன்போல வலுவாகத் திருகுவதில்லை. இரண்டில் எதுவும் பிளவு நொதியைத் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒன்று பிடிப்பைக் கூட்டியது, மற்றொன்று இறுக்கத்தைக் குறைத்தது. களத்தில் அடித்தால் இரண்டும் பிளக்கும்.

நெல்லிலும் இப்படித்தான். ஜப்போனிக்கா நெல்லில் மணி உதிராமல் நிற்கக் காரணமான மாற்றங்களில் ஒன்று, க்யூஎஸ்ஹெச்1 மரபணுவுக்கு 12,000 டி.என்.ஏ. எழுத்துத் தள்ளி நடந்த ஒற்றை எழுத்து மாற்றம் என்று 2006-ல் கண்டார்கள். மரபணு சேதமாகவில்லை. மணி காம்போடு சேரும் அந்த ஒரு வளையத்தில் மட்டும் அதன் வெளிப்பாடு நின்றது. இண்டிகா நெல்லில் அந்த மாற்றம் இல்லாததால் மணி எளிதாகவே கழலும். அதனால்தான் நாஞ்சில் நாட்டுக் களங்களில் கற்றையைக் கையால் ஓங்கி அடித்தே நெல்லைப் பிரித்திருக்கிறார்கள். எவ்வளவு உதிர வேண்டும் என்பதை அறுக்கும் முறைதான் நிர்ணயித்திருக்கிறது. பயற்றினத்தில் தட்டையின் தங்கையான நீளப்பயற்றை எடுத்துக்கொள்ளுங்கள். செல்லுக்கு இரண்டாம் சுவர் எழுப்பத் தூண்டும் எம்ஒய்பி26 மரபணு அதில் செயலிழந்திருக்கிறது. நெற்று திருகுவதில்லை, நார் குறைந்து பிஞ்சு மெத்தென்று இருக்கிறது. அவியலுக்குப் போகும் காய்க்கு அது சரி. பருப்புக்காக விளைக்கும் பயற்றுக்கும் அதே மாற்றம் ஒத்துவருமா என்பது வேறு கேள்வி, ஏனென்றால் சுவர் மெலிந்த நெற்று மழையையும் பூச்சியையும் எப்படித் தாங்கும் என்பதையும் பார்த்தாக வேண்டும்.

இனி நம் வயலுக்கு வருவோம். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டம் இது. முற்றிய நெற்று ஒரு நாள் நனைந்து மறுநாள் காய்ந்து மீண்டும் நனைவது இங்கே வழக்கம். ஒவ்வொரு நனைப்பும் காய்ச்சலும் பிளவுக் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தும். கோயம்புத்தூர் வெயிலில் பத்து நாள் பொறுத்த ரகம் தோவாளையில் நாலு நாள்கூடப் பொறுக்காமல் போகலாம். ஆனால் புது ரகம் பற்றிய துண்டறிக்கையில் எத்தனை நாளில் முற்றும், ஹெக்டேருக்கு எவ்வளவு விளையும், மஞ்சள் தேமலைத் தாங்குமா என்பதெல்லாம் எண்ணோடும் அளவோடும் இருக்கும்போது, வெடிப்புக்கு மட்டும் ‘வெடிக்காத தன்மை கொண்டது’ என்று ஒரே வரி போதுமென்று விட்டுவிடுகிறோம். எந்த ஈரப்பதத்தில், எத்தனை நாள் வெடிக்காது? வாங்கி விதைப்பவருக்கு வேண்டிய தகவல் அதுதான். இதை அளப்பது புதிய வித்தை அல்ல. சோயாவில் காய்களை அடுப்பில் காயவைத்து எத்தனை பிளந்தன என்று எண்ணுகிறார்கள். எண்ணெய்க்கடுகில் நெற்றுகளை எஃகுக் குண்டுகளோடு டப்பாவில் போட்டுக் குலுக்கி, எவ்வளவு நேரத்தில் எத்தனை உடைந்தன என்று கணக்கிடுகிறார்கள். இரண்டுமே ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் செய்யக்கூடியவை. முற்றிய பின் எத்தனை நாள் பொறுக்கும் என்பது ஒரு எண், எவ்வளவு அடித்தால் பிளக்கும் என்பது மற்றோர் எண். முதல் எண் கூட வேண்டும், இரண்டாவது எல்லை மீறிவிடக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் லாங்காமின் எள்ளுக்கு நேர்ந்தது நம் பயற்றுக்கு நேராது.

இதற்கு மறுப்புகள் வரும், அவற்றில் நியாயமும் இருக்கிறது. முற்றிய காயை உரிய நாளில் பறித்துவிட்டால் போயிற்று, செடியின் மரபணுவை ஏன் நோண்ட வேண்டும் என்பது முதல் மறுப்பு. சிறுபயறு ஒரே நேரத்தில் முற்றுவதில்லை, இரண்டு மூன்று பறிப்பு எடுக்க வேண்டியிருக்கிறது. ஒரே சமயத்தில் முதிரும் கோ 8 போன்ற ரகங்களை நீங்கள் கொடுத்தது இதற்காகத்தான். ஆனால் எல்லாக் காயும் ஒன்றாக முற்றினால் வெடிக்கும் அபாயமும் ஒன்றாக வரும். ஆள் கிடைக்காத ஒரு வாரம், அல்லது வாடகை இயந்திரம் வரத் தாமதமான மூன்று நாள், மொத்த விளைச்சலையும் தட்டிப் பறித்துவிடும். ஒரே முதிர்ச்சி என்ற குணத்தைக் கொடுத்தவர்கள் பொறுக்கும் குணத்தையும் சேர்த்துக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள். காய் பொறுத்தால் இயந்திரம் வரும், பறிக்கும் பெண்களின் கூலி போகும் என்பது இதோடு ஒட்டிய கேள்வி. அது கூலியைப் பற்றிய கேள்வி, அதற்குக் கூலிக் கொள்கையில்தான் பதில் தேட வேண்டும். நெற்று வெடித்து மண்ணில் விழும் பயற்றால் பறிப்பவருக்கு ஒரு காசும் சேர்வதில்லை. மாறாக, பொறுக்கும் நெற்று, பனி காய்வதற்குள் முடித்தாக வேண்டும் என்ற விடியற்காலை ஓட்டத்தைத் தளர்த்தும்.

வெடிக்காமல் செடியிலேயே நிற்கும் நெற்றுக்குள் மழை ஈரத்தில் பயறு முளைத்துவிடுமே என்பது இரண்டாவது மறுப்பு. இதை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். பொறுமை தனியாக வந்தால் தீமையாகும். முற்றியதும் உடனே முளைக்காமல் சில நாள் உறங்கும் குணமும் அதோடு சேர வேண்டும். சொல்லப்போனால் காட்டுச்செடியை வீட்டுப் பயிராக்கியபோது மனிதர்கள் வெடிப்பையும் உறக்கத்தையும் ஒருசேரக் குறைத்தார்கள். முதலாவதை இன்னும் குறைத்து, இரண்டாவதில் கொஞ்சம் திருப்பித் தர வேண்டியிருக்கிறது. ஒற்றை மரபணுவில் முடிகிற வேலை அல்ல இது. அதற்காகத்தான் உங்களுக்கு எழுதுகிறேன், விதை வியாபாரிக்கு அல்ல.

மரபணு மாற்றுப் பயிருக்குப் பின்கதவு திறக்கிறீர்களா என்பது மூன்றாவது. வேண்டியதில்லை. சோயாவிலும் நெல்லிலும் நீளப்பயற்றிலும் நடந்தவை எல்லாம் இயற்கையில் விளைந்த மாற்றங்கள், உழவர் கண்ணில் பட்டு நிலைத்தவை. கதிரியக்கத்தாலும் மருந்தாலும் விதையில் மாற்றம் உண்டாக்கித் தேர்ந்தெடுக்கும் வழி நம் நாட்டுக்குப் பழகியது, டிராம்பே அணு ஆராய்ச்சி மையத்தின் டிஏயூ-1 உளுந்து அப்படி வந்ததுதான். அயல் மரபணு சேராத மரபணுத் திருத்தப் பயிர்களுக்கு 2022-ல் மத்திய அரசு சில விதிகளிலிருந்து விலக்கு அளித்திருக்கிறது. அந்த வழி வேண்டுமா, யாருடைய காப்புரிமையின் கீழ் என்பது தனியாக, வெளிப்படையாகப் பேச வேண்டிய விஷயம். காய் பொறுப்பதை அளப்பதற்கு அந்தத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நான்காவதாக, அராபிடாப்சிசில் கண்டது பயற்றுக்குப் பொருந்துமா என்று உங்களில் சிலரே கேட்பீர்கள். நேராகப் பொருந்தாது, அதுவே என் வாதத்துக்குப் பலம். கடுகு வீட்டில் வழி வேறு, சோயா வீட்டில் வழி வேறு என்பதை 2014 ஆய்வுகள் காட்டிவிட்டன. கடுகின் மரபணுப் பெயர்களை உளுந்தில் தேடி ஒன்றொன்றாக முடக்குவதைவிட, நம்மிடம் இருக்கும் உளுந்து, பயறு வகைகளை வரிசையாக விதைத்து, எது எத்தனை நாள் பொறுக்கிறது என்று அளந்து, வித்தியாசம் எந்த அடுக்கில் இருக்கிறது என்று வெட்டிப் பார்ப்பது நேர்வழி.

அப்படிப் பார்க்கத் தகுந்த பயிர் ஒன்று காவிரிக் கரையிலேயே இருக்கிறது. சம்பா அறுத்த தாளடி ஈரத்தில் விளையும் மின்னிப்பயறு. நோயையும் பூச்சியையும் தாங்கும் அந்தச் சிறு பயற்றின் பெரிய தொல்லை, முற்றியதும் வெடித்துச் சிதறுவது. முழுதாக முற்றும் முன்பே செடியோடு அறுத்துக் களத்தில் காயவைக்க வேண்டியிருக்கிறது. சுகுபாவில் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் விதையில் மருந்தால் மாற்றம் உண்டாக்கி, வெடிப்பு குறைந்த செடியையும் உறக்கம் குறைந்த செடிகளையும் பிரித்தெடுத்து 2019-ல் வெளியிட்டார்கள். தஞ்சை உழவர்களின் பயற்றை வீட்டுக்குப் பழக்கும் வேலை கடல்கடந்து நடந்திருக்கிறது. ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மின்னிப்பயற்றில் சிதறும் விதை வீண் மட்டும் அல்ல. மண்ணில் கிடந்து அடுத்த ஈரத்தில் தானாக முளைப்பது, மேய்ச்சலுக்கோ தழையுரத்துக்கோ விடுகிறவருக்கு உதவி. அங்கேயும் பெரும்பங்கை அறுப்புக்குத் தந்துவிட்டுச் சிறுபங்கைச் சிந்தும் காய்தான் வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்து நீங்கள் வெளியிடப் போகும் உளுந்து, சிறுபயறு, எள் ரகங்களின் துண்டறிக்கையில் ‘வெடிக்காத தன்மை’ என்ற வரியை எடுத்துவிட்டு, இரண்டு எண்களைப் போடுங்கள்: முற்றிய பின் எத்தனை நாள் பொறுக்கும், களத்தில் எவ்வளவு அடித்தால் பிளக்கும். சோதனைத் திடல்களில் ஒன்றைக் கன்னியாகுமரி மாவட்டத்தில், இரண்டு மழையும் படும் வயலில் வையுங்கள். திருப்பதிசாரத்தில் உங்களுக்கு ஏற்கெனவே ஒரு நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, இடத்துக்கு அலைய வேண்டியதில்லை.

அன்புடன்,
கீரிப்பாறையிலிருந்து ஒரு வாசகர்